படத்தில் தெளிந்திருந்த நீச்சல் குளம்: மலை வில்லாவுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்

நேற்று இரவு அந்த விளம்பரம் மறுபடியும் கண்ணில் பட்டது. அதே படங்கள், அதே வாசகம்: "பழைமை மாறாத மலைக் கிராமத்துக்கு அருகில், வெந்நீர் நீச்சல் குளத்துடன் தனி வில்லா." எழுதுவதா வேண்டாமா என்று ஒரு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். இனிமேல் பேசாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இன்னொரு குடும்பம் அங்கே போய் இறங்குவதற்குள் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

முன்பதிவுத் தளம் ஒன்றில் பார்த்துத்தான் உரிமையாளரைத் தொடர்புகொண்டோம். இரண்டு குடும்பம், நான்கு பிள்ளைகள், மூன்று இரவு. மறுநாளே அவர் போனில் வந்தார். "தளத்துக்குப் போகிற கமிஷனை உங்களுக்கே கழித்துத் தருகிறேன் சார். பணத்தை நேராக என் கணக்கில் போட்டுவிடுங்கள்." பேச்சில் அத்தனை பணிவு. நம்பிப் பாதி வாடகையையும் சேதத்துக்கான காப்புத் தொகையையும் அனுப்பினோம். நாங்கள் செய்த பெரிய தவறு அதுதான். தளத்தின் வழியாகக் கட்டியிருந்தால், பெரிய தளங்கள் சில, விருந்தினர் வந்து சேர்ந்த பிறகே பணத்தை உரிமையாளருக்கு விடுவிக்கின்றன. சொன்னபடி வீடு இல்லையென்றால் முறையிட ஓர் இடமாவது இருக்கும். நேரடியாக அனுப்பிய பணத்துக்குத் தளம் பொறுப்பேற்காது. கமிஷன் மிச்சம் என்று யாராவது சொன்னால், உங்களுக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பை விலைக்குக் கேட்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பிள்ளைகள் காரிலிருந்து இறங்கியதும் குளத்தைத் தேடித்தான் ஓடினார்கள். போன வேகத்திலேயே நின்றுவிட்டார்கள். கிழிந்த தார்ப்பாய் ஒன்று பாதிக் குளத்தை மூடியிருந்தது. மீதிப் பாதியில் பாசி படர்ந்த பச்சைத் தண்ணீர், அதன்மேல் ஊறிப்போன இலைகள். விளம்பரப் படத்தைக் கைப்பேசியில் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். படத்தில் குளத்தின் ஓரமாக இடுப்பளவு உயரத்தில் ஒரு மரக்கன்று நிற்கிறது. அதே இடத்தில் இப்போது கூரையைத் தாண்டி வளர்ந்த மரம். அந்த இலைகளெல்லாம் அதிலிருந்து உதிர்ந்தவை. படம் எத்தனை வருடம் பழையது என்பதை அந்த மரமே சொல்லிவிட்டது.

போன் செய்தேன். "காலைக்குள் கண்ணாடி மாதிரி ஆகிவிடும் சார்" என்றார் உரிமையாளர். இரவு பத்து மணிக்குக் காவலாளி வந்து ஒரு வாளி நிறைய ரசாயனத் தூளைக் கொட்டிவிட்டுப் போனார். விடிந்தபோது பச்சை போயிருந்தது; ஆனால் தண்ணீர் சுண்ணாம்பு கரைத்தது போல வெளுத்திருந்தது. பக்கத்தில் போனாலே கண் எரிந்தது.

என் மைத்துனர் நீச்சல் பயிற்சி கொடுப்பவர். சமையலறையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து வந்து ஆழம் குறைந்த பக்கத்தில் போட்டார். முழங்கால் ஆழத்துக்குள்ளேயே அது மறைந்துவிட்டது. "மேலே நின்று பார்த்தால் குளத்தின் அடியில் இருக்கிற வடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் யாரும் இறங்கக் கூடாது. இந்தத் தண்ணீரில் ஒரு குழந்தை மூழ்கினால் கரையில் நிற்கிற நமக்குத் தெரியாது" என்றார். கேட்டதும் எனக்குக் கை நடுங்கியது. தண்ணீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூச்சல் போடுவதில்லை. சத்தமே இல்லாமல் அடங்கிவிடும். அந்தக் குளத்தைச் சுற்றி வேலியும் இல்லை, கதவும் இல்லை. வீட்டுக் குளங்களுக்கும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு கட்டாயம் என்று பிரான்ஸ் 2003இல் சட்டமே போட்டது. இங்கே ஒரு கயிறுகூடக் கட்டவில்லை. மூன்று நாளும் பெரியவர்களில் ஒருவர் மாற்றி ஒருவர் வாசலில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தோம். விடுமுறை அப்படித்தான் போனது.

அந்த நெடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருந்து வாசனை தூக்கலாக அடித்தால் குளம் சுத்தமாக இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மை அதற்கு நேர்மாறு. குளோரின் அழுக்கோடு சேரும்போது உண்டாகும் குளோரமின்தான் அப்படி மணக்கும், கண்ணையும் எரிக்கும். நன்றாகப் பராமரித்த குளத்தில் லிட்டருக்குக் குறைந்தது 1 மில்லிகிராம் குளோரின் இருக்கும், தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7.2 முதல் 7.8 வரை இருக்கும், வாசனை அநேகமாக இருக்காது. பாசி பிடித்த குளம் ஓர் இரவில் தேறாது. வடிகட்டி இயந்திரம் நாள்கணக்கில் ஓட வேண்டும். அங்கே இயந்திரம் ஓடும் சத்தத்தையே நாங்கள் கேட்கவில்லை.

வெந்நீர்க் குளம் என்பதும் பொய். மோட்டார் அறையில் ஹீட்டர் இருந்த இடத்தில் அடைத்துவைத்த இரண்டு குழாய் முனைகள் மட்டும் இருந்தன. ஏறிப் போகும் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. மலையில் வெறும் குளம் பனிபோலத்தான் இருக்கும். எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம் என்றால் ஏறக்குறைய 45,000 லிட்டர். அதைப் பத்து டிகிரி சூடாக்கச் சுமார் 520 யூனிட் வெப்பம் வேண்டும். 3 கிலோவாட் ஹீட்டர் ஒன்றை வைத்தால், வெளியேறும் வெப்பத்தைக் கணக்கில் சேர்க்காமலே ஏழு நாள் ஆகும். ஆகவே வெந்நீர் என்று எழுதியிருந்தால், எப்படிச் சூடாக்குகிறீர்கள், நான் வரும் நாளில் எத்தனை டிகிரி இருக்கும் என்று கேளுங்கள். உண்மையிலேயே சூடாக்குகிறவர் உடனே பதில் சொல்வார்.

கிராமம் "ஐந்து நிமிட நடை" என்று போட்டிருந்தார்கள். செங்குத்தான பாதையில் இறங்க எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஆனாலும் அந்தக் கிராமத்தின் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. பாதையோரத் திண்ணையில் இருந்த ஒரு பாட்டி, பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். வில்லாவிலிருந்து வருகிறோம் என்றதும் முகம் மாறியது. "அந்தக் குளத்தை நிரப்பினால் எங்கள் ஊற்றுக் குழாயில் நாலு நாள் தண்ணீர் வராது தம்பி" என்றார். ஊருக்கும் வில்லாவுக்கும் ஒரே ஊற்றாம். குளத்து நீரை மாற்றாமல் வைத்திருப்பதற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. அவர் கொடுத்த தண்ணீர் தொண்டையில் இறங்க மறுத்தது. அந்தக் கிராமத்தின் பெயரைச் சொல்லித்தான் விளம்பரம். அந்தக் கிராமத்தின் குடிநீரில்தான் குளம்.

காப்புத் தொகை கேட்டபோது, குளத்தைச் சுத்தம் செய்த செலவுக்குக் கழித்துக்கொண்டதாக உரிமையாளரிடமிருந்து ஒரு வரிச் செய்தி வந்தது. நாங்கள் ஒருவர்கூடக் கால் வைக்காத குளத்துக்கு! அதற்குப் பிறகு அவர் போனை எடுப்பதே இல்லை.

நீங்கள் எங்காவது முன்பதிவு செய்வதாக இருந்தால், குளத்தை இன்றைய தேதியில் வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். வேலி உண்டா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை எழுத்தில் வாங்குங்கள். குளம் பயன்படுத்த முடியாமல் போனால் எவ்வளவு திரும்பத் தருவீர்கள் என்பதையும் சேர்த்தே கேளுங்கள். உள்ளே நுழைந்ததும் பெட்டியை இறக்குவதற்கு முன் எல்லாவற்றையும் வீடியோ எடுத்துவிடுங்கள். நாங்கள் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். வந்த அன்று மாலை எடுத்த நான்கு நிமிட வீடியோவையும், வங்கிப் பரிமாற்ற ரசீதையும், அந்த ஒரு வரிச் செய்தியையும் சேர்த்து நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.