“மோட்டார் ரிப்பேர், வேற வீடு தர்றோம்” என்று போன் வந்தால்

வார இறுதிக்கு ஆன்லைனில் முழு வீடு ஒன்றைப் பதிவு செய்துவிட்டுக் குடும்பமும் நண்பர்களுமாகக் கிளம்பப் போகிறவர்கள் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். போய்ச் சேர ஒரு மணி நேரம் இருக்கும்போது “ஒரு சின்னப் பிரச்சினை” என்று போன் வரும். எங்களுக்கு வந்தது. புகார் நிலுவையில் இருப்பதால் அந்த வீட்டையும் அதை நடத்துபவர்களையும் பெயர் சொல்லி எழுதப்போவதில்லை. ஆனால் ஏமாற்றிய விதத்தை முழுதாகச் சொல்லலாம். பெயரைவிட அதைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உபயோகம்.

எனக்கும் உடன் வேலை பார்க்கும் இருவருக்கும் வெளியூரில் அலுவலக வேலை. வெள்ளிக்கிழமை மாலையோடு முடிந்துவிடும். சனி, ஞாயிறை ஏன் வீணாக்க வேண்டும், வீட்டில் இருப்பவர்களையும் வரச் சொல்லிவிடலாம் என்று முடிவானது. அக்காவும் அத்தானும் பிள்ளைகளோடு வந்தார்கள், அம்மா வந்தார், என் கல்லூரி நண்பன் ஒருவனும் சேர்ந்துகொண்டான். வெள்ளி இரவுக்கான வாடகையை அலுவலகமே ஏற்றுக்கொள்ளும், பில் கொடுத்தால் போதும். ஹோட்டலில் ஆளுக்கொரு அறையில் அடைந்து கிடப்பதைவிட ஒரே வீடாக எடுத்தால் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது எங்கள் கணக்கு.

உண்மையில் அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்ததே சாப்பாட்டுக்காகத்தான். மரத்தடியில் நீள மேசை, பக்கத்தில் திறந்தவெளி அடுப்பு, “எங்கள் சமையல்காரர் உங்கள் கண்முன்னே சமைத்துப் பரிமாறுவார்” என்று ஒரு வரி. அம்மாவுக்கு உப்பு குறைவாக, பிள்ளைகளுக்குக் காரம் இல்லாமல் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டோம். “கண்டிப்பாக” என்று பதில் வந்தது, கூடவே சிரிப்புப் பொம்மை ஒன்று.

பணத்தை இரண்டாகப் பிரித்து வாங்கினார்கள். தங்குவதற்கான கட்டணம் பதிவுத் தளம் வழியாகக் கார்டில் போனது. சாப்பாட்டுப் பணத்தையும் டெபாசிட்டையும் மட்டும் நேராக அனுப்பச் சொன்னார்கள். தளத்தில் கட்டினால் கமிஷன் போய்விடுமாம், சமையல்காரர் சாமான் வாங்க வேண்டுமாம். கொடுத்தது ஒரு தனிநபரின் வங்கிக் கணக்கு. இப்படிப் பிரிப்பது எதற்கு என்று பின்னால்தான் புரியும். கார்டில் போன பணத்தை வங்கி மூலம் துரத்திப் பிடிக்க வழி உண்டு. நேராக அனுப்பிய பணத்துக்கு அனுப்பியவரே சாட்சி.

சரி, போனுக்கு வருகிறேன். பேசியவர் அவ்வளவு பணிவு. “ரொம்ப மன்னிக்கணும் சார். காலையிலிருந்து தண்ணி மோட்டார் ரிப்பேர். பாத்ரூம்ல சொட்டுத் தண்ணி இல்ல. பெரியவங்க வர்றாங்கன்னு சொல்லியிருந்தீங்க, அவங்களைக் கஷ்டப்படுத்த மனசில்ல. பக்கத்திலேயே நம்ம இன்னொரு வீடு இருக்கு, இதைவிடப் பெருசு, அதே வாடகைதான். ஆப்ல ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பறேன், ஓகே மட்டும் கொடுத்திடுங்க.”

இந்தப் பேச்சில் ஒரு சொல்கூடச் சும்மா வரவில்லை. மோட்டார், குழாய், கழிவறை என்று சொன்னால் நீங்கள் போய்ப் பார்த்துவிட்டுச் சண்டை போட மாட்டீர்கள். பெரியவர்களை இழுத்தால் உங்கள் வாய் அடைபடும். “இதைவிடப் பெருசு” என்றால் ஏதோ லாபம் வந்ததுபோல் தோன்றும். கடைசியில் வரும் அந்த “ஓகே மட்டும்” தான் உண்மையான கொக்கி. அதை அழுத்திவிட்டால் நீங்களே விருப்பப்பட்டு வீட்டை மாற்றிக்கொண்டதாகத் தளத்தில் பதிவாகும். கோபத்தில் நீங்களே ரத்து செய்தாலும் அவர்களுக்குக் கொண்டாட்டம்தான். கடைசி நேர ரத்து என்று விதியைக் காட்டிப் பணத்தை வைத்துக்கொள்வார்கள். அவர்கள் ரத்து செய்தால் மட்டுமே முழுப் பணமும் திரும்ப வர வேண்டியிருக்கும். அதனால் அந்தப் பொத்தானை மட்டும் அவர்கள் தொடவே மாட்டார்கள்.

நல்லவேளையாக, உடன் வந்தவர்களில் ஒருவர் எங்கள் அலுவலகத்தில் பயண ஏற்பாடுகளைப் பார்ப்பவர். “ஓகே கொடுக்காதீங்க, ரத்தும் பண்ணாதீங்க, அவர் போன்ல சொன்னதை அப்படியே ஆப்ல எழுதச் சொல்லுங்க” என்றார். எழுதச் சொன்னோம். எழுதவில்லை. திரும்பத் திரும்பப் போன்தான் வந்தது. வாயால் சொல்கிற காரணத்தை ஒருவர் எழுதித் தர மறுக்கிறார் என்றால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

இது எங்களுக்கு மட்டும் நடந்த அதிசயமும் இல்லை. 2019 அக்டோபரில் அல்லி காண்டி என்ற அமெரிக்கச் செய்தியாளர், சிகாகோவில் தனக்கு நடந்ததை வைஸ் என்ற செய்தித் தளத்தில் எழுதினார். வீட்டுக்குள் போக வேண்டிய நேரத்துக்குச் சற்று முன் போன், கழிவறையில் ஏதோ அடைத்து வெள்ளம் என்று காரணம், இன்னொரு பெரிய வீடு இருக்கிறது என்று தேன் தடவிய பேச்சு, போய்ப் பார்த்தால் மோசமான இடம். அவர் விடாமல் தோண்டியபோது பல நகரங்களில் இதே கதையோடு ஆட்கள் கிடைத்தார்கள். 2023 இறுதியில் இந்த மோசடிக்காக இரண்டு பேர்மீது அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் குற்றச்சாட்டு பதிவு செய்தார்கள். 10 மாநிலங்களில் 100ஐ நெருங்கும் வீடுகள், 10,000க்கு மேற்பட்ட பதிவுகள் என்பது அந்தக் குற்றச்சாட்டு. ஒரே வீட்டை வேறு வேறு பெயரில், வேறு வேறு விலையில் பட்டியலிட வேண்டியது. யார் அதிகம் தருகிறார்களோ அவர்களுக்கு வீடு. மற்றவர்களுக்குக் கடைசி நிமிடத்தில் குழாய் ரிப்பேர் கதை. எங்கள் “மோட்டார்” அதற்குத் தம்பி முறை.

“பக்கத்திலேயே” என்றார்களே, ஓகே கொடுக்காமலேயே நாங்கள் போய்ச் சேர்ந்த அந்த இடம் ஊரைத் தாண்டி வெகுதூரம். இருட்டிவிட்டது. கட்டி முடிக்காத கட்டடத்தின் மாடியில் ஒரு பகுதி. பிள்ளைகள் தூங்கி வழிகிறார்கள், அம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது, எல்லோருக்கும் பசி. இந்த நேரத்தில்தான் நம் கூட்டத்திலிருந்தே அந்தக் குரல் வரும்: “ஒரு ராத்திரிதானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்.” எங்களிலும் மூன்று பேர் சொன்னார்கள். தனியாகப் போகிறவர் கோபப்பட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். பத்துப் பேர் கூட்டத்தால் அது முடியாது. ஏற்பாடு செய்தவருக்கோ எல்லோர் முன்னாலும் சங்கடம், பிரச்சினையைப் பெரிதாக்காமல் முடித்தால் போதும் என்று இருக்கும். இவர்கள் குடும்பங்களையும் நண்பர் கூட்டங்களையும் குறிவைப்பதற்கு இதைவிட வேறு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அத்தான் யாரிடமும் வாதாடவில்லை. பைகளை உள்ளே வைக்கும் முன் வாசலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வோர் அறையாகக் காணொளி எடுத்தார். குழாயைத் திறந்தார், விளக்கைப் போட்டார், மெத்தையைத் தூக்கிக் காட்டினார், நடுநடுவே நேரத்தைச் சொன்னார். அந்தக் காணொளி மட்டும் இல்லையென்றால் இன்று எங்கள் கையில் ஒன்றுமே இருந்திருக்காது. மறுநாள் உடைந்த கண்ணாடி ஒன்றைக் காட்டி டெபாசிட்டைப் பிடித்துக்கொள்வதாகச் சொன்னபோது, அந்தக் கண்ணாடி நாங்கள் நுழையும்போதே உடைந்திருந்தது காணொளியில் தெரிந்தது. இதற்கு அவர்களிடமிருந்து பதில் இல்லை. டெபாசிட்டும் வரவில்லை என்பது வேறு கதை.

இனி சாப்பாடு. என்னால் இன்னும் பொறுக்க முடியாதது இதுதான். மரம் இல்லை, மேசை இல்லை, அடுப்பு இல்லை, சமையல்காரரும் இல்லை. மூடி போட்ட பாத்திரங்களோடு ஒரு பையன் நின்றான், பாவம் அவனுக்கு ஒன்றும் தெரியாது. என் நண்பன் சில காலம் ஹோட்டல் சமையலறையில் வேலை பார்த்தவன். மூடியைத் திறந்து பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு “எப்ப சமைச்சது தம்பி?” என்று மட்டும் கேட்டான். “மதியம் அண்ணா.” அப்போது இரவு ஒன்பது தாண்டிவிட்டது. “சூடு பண்ணித் தர்றேன்” என்றான் பையன். நண்பன் வேண்டாம் என்று மூடிவிட்டான்.

பசியோடு இருந்த எங்களுக்கு அது அதிகப்படியாகத் தெரிந்தது. சூடு பண்ணினால் கிருமி செத்துவிடாதா என்று அக்கா கேட்டாள். கிருமி சாகும், அது ஏற்கெனவே கக்கி வைத்த நஞ்சு சாகாது என்றான். அவன் சொன்னது சரிதான். சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, சூடாக வைப்பதானால் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல், குளிரில் வைப்பதானால் 5 டிகிரிக்குக் கீழ் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சோற்றில் வரும் பேசில்லஸ் செரியஸ், சமைப்பவர் கையிலிருந்து வரும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் இரண்டுமே உணவில் நஞ்சை விட்டுவைக்கக் கூடியவை. அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது, சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வாந்தியைக் கொண்டுவரும். வயதானவர்களும் குழந்தைகளும் இருக்கும் கூட்டத்தில், மருத்துவமனை எங்கே என்றே தெரியாத இடத்தில், அந்த ஆபத்துக்கு யார் போவார்கள்?

சாப்பாடு சேர்த்துத் தரும் வீட்டைப் பதிவு செய்கிறவர்கள் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: அங்கேயே சமைக்கிறார்களா, எத்தனை மணிக்குச் சமைக்கிறார்கள், சமையலறையை நாம் பார்க்கலாமா. நேர்மையாக நடத்துகிறவர் உடனே பதில் சொல்லிவிடுவார், பெரும்பாலும் பெருமையாகவே சொல்வார். அன்று நாங்கள் வெளியே போய் எது திறந்திருந்ததோ அதில் சாப்பிட்டோம். சாப்பாட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு “நாங்க கொடுத்தோம், நீங்கதான் சாப்பிடல” என்று பதில்.

படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த மரத்தடி மேசைப் படத்தை அக்காவின் மகள் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தாள். வேறொரு ஊரில் வேறொரு பெயரில் உள்ள வீட்டின் பட்டியலிலும் அதே படம் இருந்தது. 2008 முதல் டின்ஐ என்ற தளமும் இதே வேலையைச் செய்கிறது. ஒரு நிமிட வேலை. வரவேற்பறைப் படத்தைவிட ஜன்னல், மொட்டை மாடி, தோட்டம் தெரியும் படங்களைத் தேடிப் பாருங்கள், திருட்டுப் படமானால் பெரும்பாலும் அவற்றில்தான் மாட்டும்.

விமர்சனங்களா? நாங்கள் கிளம்பிய மறுநாளே அந்தப் பணிவான குரல் மறுபடி அழைத்தது. ஐந்து நட்சத்திரம் கொடுத்து நாலு வரி நல்லதாக எழுதினால் பாதிப் பணம் தருவாராம். அவருடைய மற்ற ஐந்து நட்சத்திரங்கள் எங்கிருந்து வந்தன என்று அப்போதுதான் தெரிந்தது. நல்லபடியாக எழுதினால்தான் சலுகை என்று விமர்சனம் வாங்குவதை அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதியால் தடை செய்திருக்கிறது. விதி போட வேண்டிய அளவுக்கு அது பரவிவிட்டது என்று அர்த்தம். நட்சத்திரத்தை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு லண்டன்காரர் ஊபா பட்லர் 2017இல் செய்து காட்டிய கூத்து ஒன்று போதும். தன் வீட்டுக் கொல்லைக் கொட்டகையை உணவகம் என்று பதிவு செய்து, நண்பர்களைக் கொண்டு பொய் விமர்சனங்கள் எழுத வைத்து, டிரிப்அட்வைசர் என்ற விமர்சனத் தளத்தில் லண்டனின் முதலிடத்துக்கே கொண்டுபோனார். அங்கே அதுவரை ஒருவர்கூடச் சாப்பிட்டதில்லை. நான் இப்போது ஒன்று, இரண்டு நட்சத்திர விமர்சனங்களைத்தான் முதலில் படிக்கிறேன். அதிலும் “கடைசி நேரத்தில் வீட்டை மாற்றினார்கள்” என்று ஒரே ஒருவர் எழுதியிருந்தாலும் அந்த வீடு வேண்டாம்.

பணம் விஷயம். தளத்தின் உதவி எண்ணுக்கு அன்று இரவே பேசி, காணொளியையும் படங்களையும் ஆப்பிலேயே ஏற்றினோம். சில தளங்கள் புகார் கொடுக்க 72 மணி நேரம் தருகின்றன, சில அதைவிடக் குறைவாகத் தருகின்றன. வீட்டுக்குப் போய் ஆற அமர எழுதலாம் என்று விட்டால் கெடு தாண்டிவிடும். நாங்கள் ஓகே கொடுக்காததால் தளம் எங்கள் பக்கம் பேசியது. ஆனால் ஓர் இரவு தங்கினோம் என்று காட்டி அந்த இரவுக்குப் பாதியைப் பிடித்துக்கொண்டது. மீதிக்குக் கார்டு வங்கியில் முறையிட்டிருக்கிறோம். “சொன்னபடி சேவை இல்லை” என்பதற்கு விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் தனிப் பிரிவே உண்டு. கெடு பெரும்பாலும் 120 நாள், ஆனால் வங்கிக்கு வங்கி மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, கார்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் முறையிட முடியும். பங்குபோட்டுப் பயணம் போகிறவர்கள் அவரவர் பங்கை ஒருவரிடம் கொடுத்து, அவர் கார்டில் மொத்தமாகக் கட்டுவது நல்லது.

தனிநபர் கணக்குக்குப் போன பணத்துக்குப் போலீசில் புகார் கொடுத்திருக்கிறோம், பெரிதாக நம்பிக்கை இல்லை. வெள்ளி இரவுக்கு அவர்கள் கடைசிவரை பில்லே தரவில்லை. எங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவோ அந்தப் பில்லைக் கேட்டு வாராவாரம் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்கிறது.