கிராங்க் சென்சார் கோளாறு: ஸ்கேனரா, மல்டிமீட்டரா, ஸ்கோப்பா?

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காதது ஒரு வகை. ஓடிச் சூடானதும் நின்று, ஆறியபின் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆவது இன்னொரு வகை. இரண்டிலும் சந்தேகம் கிராங்க் சென்சார் மேல் விழும். கிராங்க் ஷாஃப்ட் சுற்றும் வேகத்தையும் நிலையையும் இசியுவுக்கு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கு, சொல்வது இதுதான். ஆனால் இரண்டுக்கும் ஒரே கருவி போதாது.

இசியுவில் பதிவான எரர் கோடைப் படிக்கும் ஸ்கேனர் வேகமானது. பி0335 என்றால் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு. பி0336 என்றால் சிக்னல் வருகிறது, ஒழுங்காக இல்லை. எரர் கோடைப் பார்த்தவுடன் புது சென்சார் வாங்குவதுதான் வழக்கமான தவறு. அறுந்த ஒயரும் பச்சை பூத்த கனெக்டரும் இதே கோடைத்தான் தரும். ஸ்கேனரில் லைவ் டேட்டாவை, அதாவது அந்த நொடியின் அளவுகளைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஆர்பிஎம் ஏறத்தாழ 150 முதல் 300 வரை காட்டவேண்டும். 0 என்றே நின்றால் சிக்னல் இசியுவை எட்டவில்லை. எங்கே அறுந்தது என்பது ஸ்கேனருக்குத் தெரியாது.

அதற்கு மல்டிமீட்டர். காந்தச் சுருள் வகை சென்சாரில் கனெக்டரைக் கழற்றி இரண்டு பின்னுக்கும் இடையே அளந்தால், பல வண்டிகளில் 500 முதல் 1500 ஓம் வரும் (உங்கள் வண்டிக்கான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்). சப்ளை கொடுத்தால்தான் வேலை செய்யும் மின்னணு வகையான ஹால் வகையில் ஓம் அளக்கவே கூடாது, உள்ளிருக்கும் சர்க்யூட் கெடலாம். இக்னிஷன் போட்டு, கனெக்டரில் 5 அல்லது 12 வோல்ட் சப்ளையும் எர்த்தும் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். மூன்று ஒயர் இருந்தாலே ஹால் என்று முடிவுகட்ட வேண்டாம். சுருள் வகையிலும் மூன்றாவதாக, மின் இரைச்சலைத் தடுக்கும் ஷீல்டு ஒயர் வருவதுண்டு.

ஓம் சரியாக இருந்தும் சென்சார் கெட்டிருக்கலாம். ஆறிய நிலையில் ஒழுங்காக இருக்கும் சுருள், சூட்டில் விரிந்து உள்ளே அறுந்துகொள்ளும். விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு, சிக்னலைத் திரையில் அலையாகக் காட்டும் ஸ்கோப்புக்கு (ஆசிலோஸ்கோப்) நிகரில்லை. சென்சார் கவனிக்கும் பற்சக்கரம் பல எஞ்சின்களில் 60 பல் இடத்தில் 2 பல் விடுபட்டதாக இருக்கும். அந்த இடைவெளி திரையில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மாதிரி வரவேண்டும். ஒரு பல் சேதமானாலும், சென்சார் முனையில் இரும்புத் துகள் ஒட்டினாலும் அலையில் தெரியும். மல்டிமீட்டரோ சராசரியைத்தான் காட்டும், ஒரு பல் குறைவது அதில் தெரியாது. ஹேர் டிரையரால் சென்சாரைச் சூடாக்கி, ஒயரை ஆட்டிக்கொண்டே திரையைக் கவனித்தால் ஒளிந்திருக்கும் கோளாறு பெரும்பாலும் வெளிவரும்.

சோதிக்காமல் சென்சாரை மாற்றிப் பார்ப்பதைக் கடைசியில் வையுங்கள். மாற்றினாலும் சென்சார் உட்காரும் இடத்தைத் துடைத்து, சக்கரத்துக்கும் முனைக்கும் உள்ள இடைவெளி மேனுவல்படி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சில வண்டிகளில் ஸ்கேனரால் ரீலேர்ன் (புது சென்சாரை இசியு கற்றுக்கொள்ள வைப்பது) செய்யும்வரை செக் எஞ்சின் விளக்கு அணையாது.