பழைய பயண வேனின் இணைப்புகளுக்குச் சிலிக்கானா, பி.யு. சீலன்டா?

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், தங்கிப் பயணிக்கும் பழைய வேனின் வெளி இணைப்புகளை அடைத்துப் பெயின்ட் பூச விரும்பும் டெல்டாக்காரர்கள் பெரும்பாலும் சிலிக்கான், பி.யு. (பாலியூரித்தேன்) என்ற இவ்விரண்டு சீலன்டுகளுக்கும் (இடைவெளி அடைக்கும் பசைகள்) இடையில்தான் தடுமாறுகிறார்கள்.

விலை: சிலிக்கான் பொதுவாக மலிவு, பி.யு. கூடுதல்.

வெயில்: சிலிக்கான் நன்றாகத் தாங்கும், பி.யு.வோ, மேலே பெயின்ட் இல்லாவிட்டால் மஞ்சளித்து, நாளடைவில் வெடிப்பு விடும்.

பெயின்ட்: முடிவைத் தீர்மானிப்பது இதுவே. சாதாரணச் சிலிக்கானின்மேல் பெயின்ட் ஒட்டாது. பின்னர் மனம் மாறிச் சுரண்டி எடுத்தாலும், தகரத்தில் எஞ்சும் கண்ணுக்குத் தெரியாத படலம் அடுத்த பூச்சையும் பிடிக்கவிடாது. பி.யு. காய்ந்தபின் பெயின்டை ஏற்றுக்கொள்ளும்.

துரு: காடி நெடியடிக்கும் சிலிக்கான் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடுவதால், நாகப்பட்டினத்து உப்புக்காற்றில் ஏற்கெனவே அரித்துப்போன தகரத்துக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இரண்டுமே காற்றின் ஈரத்தால் இறுகுபவை. ஆனால் நனைந்த தகரத்தில் இரண்டுமே சரியாகப் பிடிக்காது.

ஆகவே, துருவைத் தேய்த்து பிரைமர் அடித்த தகர இணைப்புகளுக்குப் பி.யு.வும், பெயின்ட் படாத கண்ணாடி ஓரங்களுக்கு அமிலம் விடாத நியூட்ரல் வகைச் சிலிக்கானும் பொருந்தும்.