டிராக்கரா, ஸ்டாக்கிங்கா: பால்வீதிப் படத்துக்கு எது?

ஃபுல்ஃபிரேம் கேமரா, 24 மி.மீ. லென்ஸ். வெறும் முக்காலியில் 10 வினாடியைத் தாண்டினாலே விண்மீன்கள் நீளத் தொடங்கும். எஃப்/2.8, ஐஎஸ்ஓ 3200-இல் 16 படங்கள் எடுத்து சீக்வேட்டர் மென்பொருளில் ஒன்றாக அடுக்கினால் (இதுதான் ஸ்டாக்கிங்) இரைச்சல், அதாவது படத்தில் தெரியும் பொடிப்புள்ளிகள், கால்பங்காகும். தரையும் கூர்மையாக நிற்கும்.

டிராக்கர் என்பது விண்மீன்களின் நகர்வுக்கு ஏற்பக் கேமராவை மெல்லச் சுழற்றும் மோட்டார் கருவி. அதில் ஒரே படம்: 2 நிமிடம், எஃப்/4, ஐஎஸ்ஓ 800. ஓரத்து விண்மீன்கள்கூடப் புள்ளியாக விழும், அந்த அழகே தனி. ஆனால் டிராக்கர் சுழலும் அச்சைத் துருவ விண்மீனுக்கு நேராக்குவதுதான் நம் ஊரில் பாடு. கொடைக்கானலில் அது அடிவானிலிருந்து சுமார் 10 பாகை உயரம்தான். மரமோ மூட்டமோ மறைத்துவிடும். வடக்கு திறந்த இடம் தேடுங்கள். கேமராவை மாட்டியபின் மறுபடி சரிபாருங்கள், எடையில் முக்காலி அசைந்திருக்கும். கேமரா சுழல்வதில் தரை கலங்கிவிடுவதால், மோட்டாரை நிறுத்தி அதற்குத் தனிப்படம் வேண்டும்.

24 மி.மீ. மட்டும் என்றால் ஸ்டாக்கிங் போதும். 50 மி.மீ.-க்கு மேல் டிராக்கர்தான்.