பழைய டிராக்டருக்கு ஸ்டாப் கேபிள்: கடையில் கிடைக்கும் இரண்டு ரகத்தில் எதை வாங்கலாம்?

பழைய டீசல் டிராக்டர் சாவியைத் திருப்பினால் நிற்காது. அது கோளாறு இல்லை. டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறி வேண்டாம். பம்ப் டீசல் தள்ளுகிற வரை ஓடும். ஸ்டாப் குமிழை இழுத்தால், அதோடு சேர்ந்த கேபிள் பம்பில் உள்ள லீவரை நகர்த்தி டீசலை நிறுத்தும். குமிழை முழுக்க இழுத்தும் வண்டி நிற்கவில்லை என்றால்தான் கவனிக்க வேண்டும். காரைக்குடி, தேவகோட்டை பக்கம் ஸ்பேர் கடையில் இதைச் சொன்னால் பொதுவாகக் கையில் கொடுப்பது எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்கிற ஸ்டாப் கேபிள். நல்ல பொருள்தான். ஆனால் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை அவசியம்.

வண்டி ஐட்லிங்கில் ஓடும்போது, ஃபேன் பெல்ட்டிலிருந்து கையை விலக்கி, பம்பில் இருக்கிற ஸ்டாப் லீவரை விரலால் கடைசி வரை தள்ளிப் பாருங்கள். ரோட்டரி பம்பில் (சுழலும் வகை) மேலே இரண்டு லீவர் இருக்கும். ஆக்சிலேட்டர் கம்பி மாட்டியிருப்பதைத் தொடாதீர்கள். இன்ஜின் நின்றால் பழுது கேபிளில். அப்போதும் உடனே புதுசு வேண்டாம். இன்னொருவரைக் குமிழை இழுக்கச் சொல்லிப் பாருங்கள். கேபிள் பாம்பு மாதிரி நெளிந்து, லீவர் பாதி தூரம் மட்டும் நகர்ந்தால், பம்ப் பக்கம் அவுட்டரை, அதாவது கேபிளின் வெளியுறையைப் பிடிக்கிற கிளிப் கழன்றிருக்கிறது. கிளிப்பை இறுக்கினால் வேலை முடிந்தது. கட்டுக்கம்பியால் கட்டி ஓட்டுவது உதவாது, இன்ஜின் அதிர்வில் நெகிழ்ந்துவிடும்.

லீவரைத் தள்ளியும் நிற்காவிட்டால் கேபிளுக்குக் கொடுக்கிற காசு வீண். பெரும்பாலும் பம்புக்குள் கோளாறு. மானாவாரிப் பூமியில் இது அதிகம் வருவதற்குக் காரணம் இருக்கிறது: அறுவடை முடிந்து கண்மாய் வற்றினால், அடுத்த உழவு வரை வண்டி மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கும். டேங்கில் கோர்க்கும் தண்ணீர் பம்புக்குள் போய், டீசலை அழுத்தித் தள்ளுகிற பிளஞ்சரைத் துருப்பிடிக்க வைக்கும். பிளஞ்சர்கள் வரிசையாக நிற்கும் வரிசைப் பம்பில் ஒரே ஒரு பிளஞ்சர் இறுகினாலும், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற ராக் (பல் கம்பி) முழுதும் அசையாது. ரோட்டரி பம்பில் டீசலை அளந்து விடுகிற மீட்டரிங் வால்வு ஒட்டிக்கொள்ளும். ஆகவே நெடுநாள் நின்ற வண்டியை செல்ஃப் அடிப்பதற்கு முன் ஸ்டாப் லீவரை நாலைந்து முறை அசைத்துப் பாருங்கள். இறுகி நின்றால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. ராக் முழு டீசலில் சிக்கியிருந்தால் இன்ஜின் கட்டுக்கடங்காமல் ஏறும். சுத்தியலால் தட்டாமல் பம்பைக் கழற்றி, கேலிப்ரேஷன் மெஷின் (பம்ப் தள்ளும் டீசல் அளவைச் சோதிக்கும் மெஷின்) உள்ள கடையில் கொடுங்கள்.

டீசல் நின்றும் ஓடினால் அது இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. ஆயில் குச்சியில் மேல் கோட்டைத் தாண்டி டீசல் வாடை அடித்தால் ஃபீட் பம்ப் டயாஃப்ரம் கிழிந்து சம்ப்பில் (இன்ஜின் ஆயில் தேங்கும் அடித்தொட்டி) டீசல் இறங்குகிறது என்று சந்தேகிக்கலாம். ஏர் கிளீனர் கிண்ணத்தில் கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றினாலும் இதே கதைதான். அந்த நேரத்தில் காற்றுக் குழாயை உருவி, இன்ஜின் காற்றை இழுக்கிற வாயின் மேல் தட்டையான பலகையை அழுத்த வேண்டும். கை வைக்காதீர்கள், சாக்கைத் திணித்தால் உள்ளே இழுத்துவிடும்.

சரி, கேபிள்தான் பழுது என்று தெரிந்துவிட்டது. கடையில் இரண்டு ரகம் உண்டு. ஒன்றில் உள்ளே ஒற்றை ஸ்டீல் கம்பி. இழுத்தால் நிற்கும், தள்ளினால் லீவர் திரும்பிப் போகும். இன்னொன்று முறுக்குக் கம்பி, இழுக்க மட்டுமே ஆகும். அதைப் போட்டு லீவரில் ரிட்டர்ன் ஸ்பிரிங் இல்லாவிட்டால், சாயங்காலம் ஒழுங்காக நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகாது. பேட்டரியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். லீவர் ஸ்டாப்பிலேயே கிடக்கும். பழைய வண்டிக்கு ஒற்றைக் கம்பியே எங்கள் தேர்வு. வளைவு அதிகமான வண்டிக்கு முறுக்குக் கம்பி வழுக்கலாகப் போகும், ஆனால் ஸ்பிரிங்கையும் சேர்த்து வாங்க வேண்டும்.

மாட்டும்போது கேபிளைச் சைலன்சர் மானிஃபோல்டை ஒட்டிக் கொண்டுபோகாதீர்கள், உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் உறை உருகிவிடும். குமிழை முழுக்க உள்ளே தள்ளி, அங்கே 2 மில்லிமீட்டர் தளர்ச்சி விட்டு லீவர் ஸ்குரூவை இறுக்கவும். இழுத்தால் லீவர் கடைசி முட்டு வரை போக வேண்டும். கேபிளுக்குள் கிரீஸ் வேண்டவே வேண்டாம், நம் செம்மண் புழுதி அதில் ஒட்டி ஒரே பருவத்தில் அடைத்துவிடும். மாட்டுவதற்கு முன் தொங்கவிட்டு, கீழ் முனையில் கசியும் வரை மெல்லிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டால் போதும். கடைக்குப் போகும்போது பழைய கேபிளைக் கையோடு கொண்டுபோங்கள். வண்டி மாடலைச் சொல்லி வாங்கினால் நீளம் தப்பாக வர வாய்ப்பு உண்டு.