வேட்டைத் தோட்டா: கொண்டு போவதா, போன இடத்தில் வாங்குவதா?

வன்னியிலிருந்து போய் கனடா, நோர்வேயில் உரிமம் எடுத்து, வேட்டைக்கு விமானத்தில் வேறிடம் போகும் உறவுகளுக்கு இது.

தோட்டாவைக் கூடவே கொண்டு போனால், துவக்குக்குப் பழகிய ரகத்தையே சுடலாம். ஆனால் விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். கைப்பையில் கூடாது, ஒப்படைக்கும் பொதியில் மட்டும். பெட்டியோடு சேர்த்து ஆளுக்கு 5 கிலோ வரைதான். இருவர் பங்கை ஒரே பொதியில் சேர்க்க விடமாட்டார்கள். பட்ட இடத்தில் வெடிக்கும், தீ மூட்டும் வகைக் குண்டுகளுக்கு இடமே இல்லை. சில நிறுவனங்கள் தோட்டாவையே ஏற்பதில்லை. இடையில் இறங்கி மாறும் நாட்டின் சட்டம் வேறு.

போன இடத்தில் வாங்கினால் விமானத் தொல்லை இல்லை. ரகம் கிடைக்குமா என்று முன்பே கேட்டுவிட்டு, அங்கே சுட்டுக் குறி சரிபார்த்தால் சரி. நான் இதைத்தான் சொல்வேன்.

அப்புறம், ஊருக்கு வந்து திரும்பும்போது வளவில் கிடந்த ரவைக் கோதை நினைவுக்கென்று பையில் போடாதீர்கள். வெற்றுக் கோதுக்கும் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் மறித்து விசாரிக்கக்கூடும்.