வென்டிலேட்டரில் ஈரப்பதம்: எச்எம்இ ஃபில்டரா, ஹீட்டட் ஹியூமிடிஃபையரா?

அறுவை சிகிச்சை முடிந்து ஓரிரு நாளில் மூச்சுக்குழாயில் போட்ட குழாயை எடுக்கப்போகிறவருக்கு எச்எம்இ (வெளிவிடும் மூச்சின் வெப்பத்தையும் ஈரத்தையும் பிடித்துவைத்து அடுத்த மூச்சுக்குத் திருப்பித் தரும் ஃபில்டர்) போதும். மின்சாரமும் தண்ணீரும் தேவையில்லை. ஒய் பீஸுக்கும் (வென்டிலேட்டரின் இரு குழாய்களும் நோயாளியருகே சேரும் இணைப்பு) நோயாளியின் குழாய்க்கும் நடுவே செருகினால் வேலை முடிந்தது. சிக்கல் அதன் உள்ளளவில் இருக்கிறது. உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடை 50 கிலோ என்றால், ஏஆர்டிஎஸ் (நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்ட நிலை) நோயாளிக்கு கிலோவுக்கு 6 மி.லி. வீதம் ஒரு மூச்சுக்கு 300 மி.லி. அதில் 50 மி.லி. உள்ளளவுள்ள ஃபில்டர் ஆறில் ஒரு பங்கை விழுங்கிவிடும். கார்பன் டை ஆக்சைடு ஏறும். சளி கெட்டியாகவோ ரத்தம் கலந்தோ வந்தாலும், உடல் வெப்பம் 32 டிகிரிக்குக் கீழே இறங்கினாலும், நிமிடத்துக்கு 10 லிட்டருக்கு மேல் மூச்சு போனாலும் தண்ணீரைச் சூடாக்கி ஈரம் சேர்க்கும் ஹீட்டட் ஹியூமிடிஃபையருக்கு மாற்றுவதே சரி.

அதற்குக் கவனிப்பு கூடுதல்: சேம்பரில் (தண்ணீர் சூடாகும் கலன்) 37, ஒய் பீஸில் 40 டிகிரி, ஸ்டெரைல் வாட்டர் மட்டுமே, கருவி நோயாளியின் தலைமட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். சர்க்யூட்டில் தேங்கும் நீரை நோயாளி பக்கம் சாய்க்காமல் வாட்டர் ட்ராப்பில் வடியுங்கள். அந்த நீர் அலைந்தால் வென்டிலேட்டர் அதையே நோயாளியின் மூச்சு முயற்சி என்று எண்ணி, தேவையில்லாமல் மூச்சு கொடுக்கும் (ஆட்டோ ட்ரிகர்).

இரண்டையும் சேர்த்து மாட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஃபில்டர் நனைந்து அடைத்துக்கொள்ளும், பீக் பிரஷர் (மூச்சு உள்ளே போகும்போது எட்டும் உச்ச அழுத்தம்) உயரும். நாமோ வீசிங் (மூச்சுக்குழல் சுருக்கம்) என்று நெபுலைசேஷன் (மருந்தை ஆவிபோல் மூச்சில் கொடுப்பது) கொடுத்துக்கொண்டிருப்போம்.